இரத்மலானைக்குப் போகும் வழி

திருச்சினாப்பள்ளி, பாலக்கரை
3-8-1938

அன்பான றலியாவுக்கு,

ஹாஷிம் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். நீயும் உம்மாவும் நளீர் நானாவும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன்.

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. கதிரையில் உட்கார்ந்துகொள். உட்கார்ந்துவிட்டாயா? இப்போது உள்ளே மடித்து வைத்திருக்கும் நீலக் கடதாசியை எடுத்துப் பார். அது ஆகாயக் கப்பல் சீட்டு. உன் பெயருக்குத்தான் எடுத்தேன்.

நான் விளையாடவில்லை. கராச்சியிலிருந்து தபால் கொண்டுவரும் ஆகாயக் கப்பல் இந்த வருஷம் தொடக்கம் மதறாஸ், திருச்சி வழியாகக் கொழும்புக்கும் போய்த் திரும்புகிறது. தபால் மூட்டைகளுக்குப் பக்கத்தில் இரண்டொரு ஆட்களையும் ஏற்றுகிறார்கள். கொழும்புக்குத் தெற்கே இரத்மலானை என்ற இடத்தில் ஏரோட்றோம் இருக்கிறது. காலையில் அங்கே ஏறினால் பகல் சோற்றுக்கு நீ திருச்சியில் என் முன்னால் இருப்பாய். நேற்று நான் இங்கே ஏரோட்றோமுக்குப் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு அது இறங்குவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டு நின்றவர்களிடம் எல்லாம், அடுத்த கிழமைகளில் என் பெண்சாதி இதில் வருகிறாள் என்று சொல்லியும் விட்டேன். என் மானம் இப்போது உன் கையில் இருக்கிறது.

போன வருஷம் உன் ராத்தாவின் கலியாணத்துக்கென்று கண்டிக்குப் போன நீ, தலைமன்னார்க் கப்பலில் குடல் வெளியே வரும்வரை வாந்தியெடுத்துவிட்டு, இனிக் கடலில் கால் வைக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக்கொண்டு உம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாய். கடல் பயமா, உம்மா வீட்டுச் சோற்று ருசியா என்று நான் எழுதினேன். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நீ பேனாவைத் தொடவில்லை. உன் கூடப்பிறந்த நளீர் நானாவோ, கண்டிக்கு வந்து வீட்டோடு இருந்து தன் கடையைப் பார்க்கச் சொல்கிறார். இங்கே கைலி வாங்கி அனுப்பும் என் வியாபாரத்தை விட்டுவிட்டு, மாமியார் வீட்டில் குந்தியிருக்க என்னால் முடியாது. இப்படி நீ அந்தக் கரை, நான் இந்தக் கரை என்று ஒரு வருஷம் போய்விட்டது. கலியாணம் முடித்தவன் என்று சொன்னால் இங்கே ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை.

இப்போது கடலில் கால் வைக்காமல் கடலைக் கடக்க வழி வந்துவிட்டது. உன் சத்தியமும் முறியாது. சீட்டு 24ஆம் தேதி புதன்கிழமைக்கு. நாள் தோதுப்படாவிட்டால் கம்பெனியின் கொழும்புக் கந்தோரில் சொன்னால் மாற்றித் தருவார்கள். கண்டியிலிருந்து இரத்மலானைக்குப் போகத்தான் நானாவின் ஒஸ்டின் கார் இருக்கிறதே. அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதற்கும் நீ வராவிட்டால், உன் பயம் கடலிடம் இல்லை, என்னிடம்தான் என்று எடுத்துக்கொள்வேன். அதற்கு மேல் உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வராது.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
ஹாஷிம்

*

கண்டி, கட்டுக்கலை
8-8-1938

மச்சானுக்கு, உங்கள் றலியா ஸலாம் சொல்லி எழுதுவது.

உட்காரச் சொன்னீர்கள். நான் நின்றுகொண்டேதான் படித்தேன். படித்த பிறகு உட்காரவே முடியவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, தேங்காய் துருவிக்கொண்டிருந்த உம்மாவிடம் காட்டினேன். உம்மா கையைத் துடைத்துவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வானத்தில் போகும் சாமானுக்கு இவ்வளவு மெல்லிய கடதாசியா என்று கேட்டார்.

எனக்கு அன்றிலிருந்து கால் தரையில் இல்லை. வேலையை விட்டுவிட்டு வெளியே வந்து வந்து ஹந்தானை மலைக்கு மேலே பார்க்கிறேன். அங்கே பருந்துதான் சுற்றுகிறது. அதைப் பார்த்தால்கூட நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆகாயக் கப்பல் என்று எழுதுகிறீர்களே, கப்பல் என்ற சொல் இல்லாமல் எனக்கு ஒரு வாகனமும் எழுதப்படவில்லையா? இருந்தாலும் ஏறுவேன். பயம் யாரிடம் என்று அப்போது தெரிந்துகொள்வீர்கள். சோற்றுக் கதைக்குப் பதிலை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் யோசிக்கவே வேண்டாம் என்று எழுதினீர்களே, அந்தக் கார்தான் கிடைக்கப்போவதில்லை. நானாவிடம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மெல்லச் சொன்னேன். அவர் சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கார் ஏலா. நம்மட ஊர்ல உம்மா வீட்டுக்கு வந்த புள்ளய மாப்பிள்ள வந்து வாசல்ல நின்டு கேட்டுத்தான் கூட்டிட்டுப் போற. கடதாசி அனுப்பிக் கூப்பிடுற வழக்கம் நம்மட்ட இல்ல" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வாப்பா மௌத்தான பிறகு என்னைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர். ஒரு வருஷமாக நீங்கள் வாசலுக்கு வரவில்லை என்ற சூடு அவருக்குள் இருக்கிறது. கண்டியில் கார் வைத்திருக்கும் நம் ஆட்கள் எல்லாரும் அவருடைய சிநேகிதர்கள். நானாவை மீறி ஒருவரும் எனக்குக் கார் தரமாட்டார்கள்.

ஒரு தடவை நீங்கள் வந்து வாசலில் நின்றால் என்ன, மச்சான்? உங்களுக்கும் வீம்பு, அவருக்கும் வீம்பு, நடுவில் என் சீட்டுக்கு நாள் போய்க்கொண்டிருக்கிறது. நான் என்ன செய்யட்டும் என்று உடனே எழுதுங்கள்.

உங்கள்,
றலியா

*

கண்டி, கட்டுக்கலை
19-8-1938

மச்சானுக்கு ஸலாம்.

உங்கள் பதில் வரவில்லை. தபால்காரர் செல்லச்சாமி நல்ல மனிதர். நான் கேட்கும் முன்னமே தூரத்தில் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார். கோபமா? வாசலில் வந்து நில்லுங்கள் என்று எழுதியது பிழையா? ஒரு வரி எழுதி என்னைத் திட்டியிருக்கலாமே. திட்டினாலும் உங்கள் கையெழுத்தைப் பார்த்திருப்பேன்.

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் எனக்கே என்மேல் எரிச்சல் வந்துவிட்டது. அன்றைக்கே உம்மாவிடம் போய், கார் இல்லாமல் இரத்மலானைக்குப் போக வழியே இல்லையா என்று கேட்டேன். உம்மா அதற்கென்றே காத்திருந்தவர்போல வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளி வைத்தார்.

நானாவைக் கூப்பிட்டு, எனக்கு முன்னாலேயே சொன்னார்: "சீட்டு அனுப்பினது எண்ட மருமகன். இந்தக் காலத்துல அதுதான் கூப்பிடுற. நான் புள்ளயோட போய் ஏத்திட்டு வாறேன். நீ ஒண்ட கார வச்சிக்கோ."

நானா செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். உம்மாவும் நானும் உட்கார்ந்து வழி போட்டோம். செவ்வாய்க்கிழமை ரிக்‌ஷாவில் ஸ்டேஷனுக்கு. அங்கிருந்து றெயிலில் கொழும்பு மருதானைக்கு. அங்கே உம்மாவின் தம்பி பஹ்மி மாமா வீட்டில் அன்றைக்குத் தங்கல். புதன் காலையில் வேறொரு றெயிலில் கல்கிசைக்கு. அதற்குப் பிறகு இரத்மலானைக்கு எப்படிப் போவது என்று மாமாவுக்கும் தெரியவில்லை, கிடைக்கிறதில் ஏறு என்று எழுதியிருக்கிறார். கட்டுக்கலையை விட்டுப் பேராதனைக்குப் போகவே மூன்று நாள் யோசிக்கிற உம்மா, இப்போது என்னைவிடத் துள்ளிக்கொண்டு நிற்கிறார். உங்களுக்குத் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் போட்டுத் தொதல் கிண்டப்போகிறாராம்.

ஆகவே நான் வருகிறேன். புதன் பகல் திருச்சி ஏரோட்றோமில் வந்து நில்லுங்கள். கோபமாயிருந்தால் கோபத்தோடேயே வந்து நில்லுங்கள். நீங்கள் அங்கே இல்லாவிட்டால் உங்கள் மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று நானும் எடுத்துக்கொள்வேன்.

றலியா

*

திருச்சினாப்பள்ளி, பாலக்கரை
25-8-1938

கண்டியில் என் உம்மா வீட்டில் இருக்கும் மச்சானுக்கு, திருச்சியில் உங்கள் அறையில் இருக்கும் றலியா ஸலாம் சொல்லி எழுதுவது.

இந்த வரியை எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். நேற்று சிரிக்கவில்லை. நேற்று ஏரோட்றோமில் உங்களைக் காணாமல் அழுதேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நான் வந்த கதையைக் கேளுங்கள், சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

செவ்வாய்க்கிழமை ஆளுக்கொரு ரிக்‌ஷாவில் கண்டி ஸ்டேஷனுக்குப் போனோம். நானா வெளியே வரவில்லை. மேல் யன்னலில் திரை மட்டும் அசைந்தது. உம்மாவின் மடியில் தொதல் டின். றெயில் கடுகண்ணாவை மலையில் இறங்கும்போது உம்மா கலிமாவை ஓதிக்கொண்டே வந்தார். றம்புக்கனை தாண்டியதும் ஓதுவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருந்த பெண்களுக்கெல்லாம் என் மகள் பறக்கப்போகிறாள் என்று சொல்லத் தொடங்கினார். மருதானையில் இறங்கும்போது அந்தப் பெட்டியே எனக்கு ஸலாம் சொல்லி அனுப்பியது.

அடுத்த நாள் கல்கிசை றெயில். அது கடலோரமாகப் போகும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. கொள்ளுப்பிட்டி வந்ததும் யன்னலுக்குக் கீழே அலை அடிக்கிறது. கடலுக்குப் பயந்து ஆகாயத்தில் போகப் புறப்பட்டவளை இப்படியா கொண்டுவந்து வைப்பது? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். உம்மா கடலைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. "புள்ள, இதுக்கு நீ பயந்தது நாயம்தான்" என்றார். நீங்கள் ஒரு வருஷமாகச் சொல்லாத வார்த்தை அது.

கல்கிசை ஸ்டேஷனில் நின்ற கார்களில் துரைமார் ஏறிப் போய்விட்டார்கள். மிஞ்சியிருந்தது தேங்காய் இறக்கிவிட்டு நின்ற ஒரு மாட்டுக் கரத்தை. உம்மா தன் கண்டிச் சிங்களத்தில் கரத்தைக்காரர் பியதாஸவிடம் பேசினார். ஆகாயத்தில் போகிறவர்களை அவர் ஏற்றுவது அதுதான் முதல் தடவையாம். ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தோம். மாடு ஒழுங்காகத்தான் வந்தது. ஏரோட்றோம் வாசலுக்குக் கொஞ்சம் இருக்கையில், ஒரு தென்னந்தோட்டத்துக்குப் பக்கத்தில் போகும்போது, உள்ளே இயந்திரம் உறுமத் தொடங்கியது. அவ்வளவுதான், மாடு நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. பியதாஸ கெஞ்சினார், தட்டினார். அது பின்பக்கமாகத்தான் நகர்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. இத்தனை தூரம் வந்து வாசலில் வைத்து ஆகாயக் கப்பலை விட்டுவிடப்போகிறேனா என்று இருந்தது.

உம்மா கீழே குதித்து, "ஓடு புள்ள, ஓடு" என்றார்.

ஓடினேன் மச்சான். பெரிய பிள்ளையான பிறகு நான் ஓடியதே இல்லை. ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் துப்பட்டி, பின்னால் உம்மா டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வருகிறார். முன்னால் புல்வெளியில் ஆகாயக் கப்பல் வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. எனக்கு மூச்சும் வாங்கியது, சிரிப்பும் வந்தது. கோபம், சத்தியம், சோற்றுக் கதை எல்லாம் அந்தத் தென்னந்தோட்டத்தோடு விழுந்துவிட்டது. உங்களிடம் வரத்தான் இப்படி ஓடுகிறேன் என்று அந்த ஓட்டத்தில்தான் எனக்கே விளங்கியது.

உள்ளே போனால் என்னையும் சாமானையும் நிறுக்க வேண்டுமாம். தபால் மூட்டை நிறுக்கும் தராசில் என்னை ஏறச் சொன்னார்கள். உம்மாவுக்கு வந்ததே கோபம். "எண்ட புள்ள என்ன கொப்பறாவா?" என்று கேட்டார். அங்கிருந்த துரைக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. நான் ஏறினேன், பெட்டி ஏறியது, தொதல் டின் ஏறவில்லை. பாரம் கூடிவிட்டது என்று அதை இறக்கிவிட்டார்கள். உம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மதறாசுக்குப் போகும் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் என் கையைப் பிடித்து, "பயப்பிடாதையும் தங்கச்சி, நானும் உம்மோடைதான் வாறன்" என்றார். உம்மா என்னை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, டின்னை அணைத்துக்கொண்டு வேலியோரம் நின்றார். நான் மேலே போகப் போக அவர் சின்னதாகிக்கொண்டே போனார். அப்போதும் டின்தான் மின்னியது.

கடல் மேலே இருந்து பார்க்கும்போது நீங்கள் வாங்கி அனுப்பும் நீலக் கைலியை விரித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. உண்மையை மறைக்கக் கூடாது, ஆகாயத்திலும் வாந்தியெடுத்தேன். டாக்டரம்மா கடதாசிப் பை பிடித்தார்.

திருச்சியில் இறங்கி வேலி முழுக்கத் தேடினேன். நீங்கள் இல்லை. டாக்டரம்மா அதிலேயே மதறாசுக்குப் போய்விட்டார். அந்த வெயிலில் நின்றபோதுதான் அழுதேன். கந்தோரில் இருந்தவர் ஒரு குதிரை வண்டி பிடித்துத் தந்தார், உங்கள் கடித உறையைக் காட்டி வீட்டுக்கு வந்தேன். கீழ்வீட்டு ஸுலைஹா அம்மா என்னைக் கண்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒன்னைக் கூட்டிட்டு வரத்தானம்மா அவரு திங்கக்கெழம போனாரு!"

அவரிடம் சாவி வாங்கி மேலே வந்து கதவைத் திறந்தால், நான் 19ஆம் தேதி எழுதிய கடிதம் உடைபடாமல் வாசலுக்குள்ளே கிடக்கிறது. ஒரு கோப்பை, ஒரு சோற்றுப் பீங்கான், ஒரு பாய். நான் போன வருஷம் விட்டுப்போன செருப்பு மட்டும் தூசி தட்டி அலுமாரிக்கு அடியில் சோடியாக இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு உங்கள்மேல் ஒரு கோபமும் மிச்சமில்லை. உடனே தந்தி அடித்தேன்.

உங்கள்,
றலியா

*

கண்டி, கட்டுக்கலை
25-8-1938

என் றலியாவுக்கு,

ஸலாம். இப்படி ஒரு பைத்தியக்காரக் காரியத்தை நாம் இரண்டு பேர்தான் செய்திருக்க முடியும்.

உன் எட்டாம் தேதிக் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. பிறகு, ஒரு தடவை வந்து வாசலில் நின்றால் என்ன என்று நீ கேட்டது காதிலேயே நின்றது. ஒன்றுமில்லைதான். வீம்பைத் தவிர ஒன்றும் குறைந்துவிடாது. பதில் எழுதினால் வருகிறேன் என்று உளறிவிடுவேன், எழுதாமல் போய் வாசலில் நின்று உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று பேசாமல் இருந்தேன். கார் இல்லாமல் நீ புறப்படமாட்டாய் என்று நினைத்தேன். உன் சீட்டை மாற்றி, அடுத்த புதன்கிழமை இரண்டு பேருமாகப் பறக்கலாம் என்று எனக்கும் ஒரு சீட்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.

புதன் காலை கட்டுக்கலையில் இறங்கி, வாசலில் நின்று, வழக்கப்படி சத்தமாக ஸலாம் சொன்னேன். நளீர் நானா வெளியே வந்தார். றலியாவைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்று, வழியெல்லாம் சொல்லிப் பழகிய வார்த்தையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. வாயில்தூணைப் பிடித்துக்கொண்டு, "அவ போயிட்டா, தம்பி" என்றார். எங்கே என்று அவர் கையைப் பிடித்து உலுக்கினேன். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். காரை எடுப்போம் என்று ஓடிப் போய் ஏறிக்கொண்டார், நேரத்தைப் பார்த்தார், திரும்ப இறங்கினார். நீ அப்போது ஆகாயத்தில் இருந்தாய்.

சாயந்தரம் உம்மாவைக் கூட்டிவர அதே காரில் நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். உம்மா டின்னோடு இறங்கி, என்னைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். "மகன், நீங்க இங்க என்னத்த செய்றீங்க? அவ அங்க வந்திட்டாளே" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர், சாமான் மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானாவும் சிரித்தார், றலியா. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் என் தோளில் கை போட்டார்.

ஆகாயத்தில் ஏறாத தொதலை இங்கே நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மாமியார் வீட்டில் குந்தியிருக்க மாட்டேன் என்றவன், இரண்டு நாளாகக் குந்தித்தான் இருக்கிறேன், உம்மா எழும்ப விடுகிறார் இல்லை. உன் கட்டிலில் என் தலையணையும் போட்டிருந்தது. ஒரு வருஷமாக அப்படித்தான் போட்டிருந்ததாம், உம்மா சொன்னார்.

தந்தி கிடைத்தது. "அங்கேயே இருங்கள்" என்று நீ அடித்திருக்கிறாய். "அங்கேயே இரு" என்று நான் உனக்கு அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அது வந்து கிடக்கிறது. கலியாணம் முடித்த நாளிலிருந்து நாம் இரண்டு பேரும் ஒன்றையே சொன்னது இதுதான் முதல் தடவை.

புதன்கிழமைச் சீட்டு என் கையில் இருக்கிறது. ஒன்று கேட்கிறேன். இனி நோன்பும் பெருநாளும் ஒவ்வொரு வருஷமும் கண்டியில், மற்ற மாதமெல்லாம் திருச்சியில் என்று வைத்துக்கொள்வோமா? அதற்குக் கடல்தான் தடை. ஒவ்வொரு தடவையும் ஆகாயத்தில் போக நாம் துரைமார் இல்லை. நீ என்ன சொல்கிறாயோ அதன்படி.

உன்,
ஹாஷிம்

*

திருச்சினாப்பள்ளி, பாலக்கரை
27-8-1938

என் மச்சானுக்கு ஸலாம்.

உங்கள் கடிதம் இன்று காலையில் வந்தது. கதிரையில் உட்கார்ந்துதான் படித்தேன்.

முதலில் சொல்லுங்கள், உம்மா வீட்டுச் சோறு எப்படி இருக்கிறது? இரண்டு நாளிலேயே உங்களால் எழும்ப முடியவில்லை. நான் பிறந்ததிலிருந்து சாப்பிட்டவள். இதுதான் நான் நேரில் வைத்துக்கொள்வதாகச் சொன்ன பதில். நேரில் சொன்னால் சண்டையாகிவிடும், இப்போதே சொல்லிவிட்டேன்.

நோன்புக்குக் கண்டிக்குப் போவோம். கப்பலிலேயே போவோம். ஆகாயத்திலும் வாந்தி, தண்ணீரிலும் வாந்தி என்றால் பாவம் அந்தக் கடல் என்ன செய்யும்? பயம் இன்னும் இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்து பாத்திரம் பிடித்தால் போதும். சத்தியத்துக்கு என்ன பரிகாரம் என்று அங்கே பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டு வாருங்கள்.

இனிக் கவனமாகப் படியுங்கள். இது நீங்கள் புறப்படும் முன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று துஆச் செய்துகொண்டு எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை நானா உங்களுக்குக் கார் தருவார். கட்டாயம் தருவார், இப்போது காரைக் கழுவிக்கொண்டு நிற்பார். அவருக்கு என் ஸலாமைச் சொல்லி, கார் வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் வந்த வழியிலேயே நீங்களும் வர வேண்டும்.

ரிக்‌ஷாவில் ஸ்டேஷனுக்குப் போங்கள். மேல் யன்னலைத் திரும்பிப் பாருங்கள், இந்த முறை உம்மா நிற்பார். பஹ்மி மாமா வீட்டில் நல்ல பாய் கேட்டு வாங்குங்கள், முதலில் தருவது குத்தும். கல்கிசை றெயிலில் வலப்பக்க யன்னலில் உட்காருங்கள். அலையைப் பாருங்கள், நான் மூடிக்கொண்ட இடத்தில் எல்லாம் நீங்கள் எனக்காகப் பார்த்து வையுங்கள். ஸ்டேஷன் வாசலில் பியதாஸ இருப்பார், கண்டி உம்மாவின் மருமகன் என்றால் தெரியும். தொதல் கொண்டு வர வேண்டாம். சாப்பிட்டு வயிற்றில் கொண்டு வாருங்கள், எப்படியும் உங்களை நிறுப்பார்கள். தென்னந்தோட்டத்துக்குப் பக்கத்தில் மாடு நின்றுவிடும், அதை அடிக்க விடாதீர்கள். அங்கே இறங்கி ஓடுங்கள். நேரம் நிறைய இருந்தாலும் ஓடுங்கள். ஓடினால்தான் எனக்கு விளங்கியது உங்களுக்கும் விளங்கும்.

இங்கே ஸுலைஹா அம்மாவிடம் இன்னொரு கோப்பையும் பீங்கானும் வாங்கி வைத்திருக்கிறேன். ஏரோட்றோம் வேலியோரம் நிழல் இல்லை, குடை பிடித்துக்கொண்டு நிற்பேன். பார்த்துக்கொண்டு நிற்பவர்களிடம் எல்லாம் என் மாப்பிள்ளை வருகிறார் என்று சொல்லத்தான் போகிறேன்.

நீங்கள் இறங்கும்வரை நான் எங்கேயும் புறப்படமாட்டேன். பயப்படாமல் வாருங்கள்.

நம்முடைய வீட்டிலிருந்து,
றலியா